பதினாறு க்ளிக்

கண்ணாடிக்காரர் முப்பது வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத சிறிய அறை. அங்கே நாற்காலியில் உட்காருகிறவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார். "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?" சிலர் பட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் முகத்தைச் சுளித்து, "இன்னொரு தடவை போடுங்க" என்பார்கள். இந்த இரண்டாவது ஆட்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அவரும் அந்த ரகம்தான்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று நிறத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எந்த நிறம் அடிக்கலாம் என்று பார்ப்பதற்காக அவர் பூசிய மாதிரிகள். ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் பிறந்தபோது அவர் ஒரு பெயரைத் தேடி முடிப்பதற்குள் குழந்தை குப்புற விழுந்து தவழவே ஆரம்பித்துவிட்டது.

கல்யாணம்கூட அவர் முடிவு செய்தது என்று சொல்ல முடியாது. கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண், அவர் கேள்வியை முடிப்பதற்குள் "முன்னாடி போட்டது" என்றாள். அடுத்ததற்கும் அப்படியே, வில்லை கையில் இருக்கும்போதே பதில். பரிசோதனை முடிந்து எழுந்தபோது, "சாயங்காலம் டீ குடிக்க வரீங்களா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் இவர். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக அப்படியேதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு மதிய வேளையில், யாரையும் கேட்காமல், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர். இரண்டு வருடமாகவே அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எழுத்துப் பலகையில் மேல் வரிசையையே தடவித் தடவிப் படித்தார். கண்ணாடிக்காரர் விளக்கைப் போட்டார். அவருக்கே தெரியாத ஒரு குரலில், "டாக்டர், இனிமே நீங்க கார் ஓட்டக் கூடாது" என்றார்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வில்லைத் தட்டின் மேல் வைத்தார்.

"ஓட்டக் கூடாதுன்னு சொன்னவன் நீ. அப்போ நீயே எடுத்துக்க. முன்னே பின்னே தெரியாதவன்கிட்ட கொடுக்க எனக்கு மனசு வரல."

"சரி" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னப்பா, உடனே சரிங்கறே? யோசிக்க மாட்டியா?"

யோசித்திருக்க வேண்டும்தான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, வாசலில் நின்ற அந்தக் கரும்பச்சை நிறக் காரைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. பத்தொன்பது வயதுக் கார். தாழ்வாக, தரையோடு தரையாக, இரண்டே இருக்கை. இதை எதற்கு வாங்கினோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார்.

மனைவி பார்த்துவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். கழுத்து எலும்பு தேய்ந்து வலி அதிகமானதால் நான்கு வருடமாகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவியோடு அழைப்புகளை எடுத்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் அவள் தொட்டதில்லை.

"ரெண்டே சீட்டுதானா?"

"ஆமா."

"பொண்ணு வந்தா?"

"மாத்தி மாத்திப் போலாம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மறுநாள் காலை அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போனபோது முன்னால் பானட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கார் ஒரு தடவை தலையை ஆட்டியது. மூன்றாவதற்குப் போனபோதும் டொக். காலை எடுத்தால் டொக், வைத்தால் டொக். மூன்றாவது சிக்னலுக்குள் மனைவியின் கை கழுத்துக்குப் போய்விட்டது.

"கார் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். "நான் பஸ்ல போய்க்கறேன்."

பஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

அதுதான் அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. வாழ்க்கையில் தானாக முடிவெடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று, அதிலும் பெண்டாட்டி உட்கார மாட்டேன் என்கிறாள். அன்றைக்கே காரை மச்சானிடம் ஓட்டிக்கொண்டு போனார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு பட்டறை வைத்திருக்கிறான். எதைப் பற்றிக் கேட்டாலும் தீர்ப்புச் சொல்கிற மாதிரிதான் பேசுவான். பானட்டைத் திறந்து, "உள்ள உக்காந்து பிரேக்கை அழுத்திக்கிட்டே லேசா கிளட்சை விடுங்க மாமா" என்றான். இவர் விட்டார். முன்னால் இன்ஜின் ஒரு பக்கமாக எம்பி, பழையபடி விழுந்தது.

"பார்த்தீங்களா? இன்ஜின் எழுந்து எழுந்து உக்காருது."

"உடைஞ்சிருச்சா?"

"உடையல. இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. ரப்பரும் நல்லாத்தான் இருக்கு, போன வருஷம்தான் டாக்டர் மாத்தியிருக்காரு. ஆனா ரப்பர்னா அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆடாம பிடிக்கறதுக்கு இன்ஜின் டேம்பர்னு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் கதவுக்கு மேல ஒரு கை இருக்கும்ல, கதவு படார்னு அடிக்காம மெதுவா மூடும், அது மாதிரி. ஒரு முனை இன்ஜின்ல, மறு முனை பாடில. அவ்ளோதான்."

"கார் செஞ்சவங்களே போடலையா?"

"இதுக்குப் போடல. வெளியில தனியா விக்கிறாங்க, நாலஞ்சு விதம். வாங்கிட்டு வாங்க, அரை மணி நேர வேலை."

"எதை வாங்கறது?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதை."

இதைவிட அவன் ஒரு சுத்தியலை எடுத்து மண்டையில் போட்டிருக்கலாம்.

உதிரி பாகக் கடை நீளமான, ஒடுக்கமான கடை. இரு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். கல்லாவில் இருந்த அம்மாள் காரின் மாடலைக் கேட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி இறங்கி, மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாண் நீளத்தில், டார்ச் லைட் பருமனில் ஒரு தண்டு. இரு முனையிலும் கண் போல வளையம்.

"கறுப்பு, எண்ணெய் வெச்சது. மெத்துன்னு இருக்கும். வெள்ளி நிறம், கேஸ் வெச்சது. கெட்டியா பிடிக்கும், இன்ஜின் அசையவே அசையாது."

"அப்போ அதுதானே நல்லது?"

"நல்லதுதான். ஆனா இன்ஜினோட அதிர்வெல்லாம் உள்ள வரும். சிக்னல்ல நிக்கும்போது சீட்டு நடுங்கும், கண்ணாடி நடுங்கும். சில பேருக்கு அது பிடிக்கும்."

"அப்போ கறுப்பு?"

"அது நடுங்காது. ஆனா டொக்குச் சத்தம் முழுசா போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க எதுக்கு சார் ஓட்டறீங்க? பந்தயத்துக்கா, வீட்டுக்கா?"

"மனைவி உக்காரணும்."

அந்த அம்மாள் வியாபாரத்தில் எத்தனையோ பதில் கேட்டிருப்பார், இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒரு தடவை பார்த்தார். "மூணாவது நீலம்" என்றார். "தலையில ஒரு திருகு இருக்கு பாருங்க. திருகினா க்ளிக் க்ளிக்னு பதினாறு நிலை. ஒண்ணு மெத்து, பதினாறு கல்லு. உங்களுக்கு எது ஒத்துவருதோ அதுல வெச்சுக்கலாம்."

"யோசிச்சுட்டு வரேன்" என்று வெளியே வந்துவிட்டார்.

ஒன்பது நாள் யோசித்தார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் படித்தார். ஒருவர், டேம்பர் போட்ட பிறகு கார் புதுப் பிறவி எடுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், அது பானட்டைத் திறந்து காட்டிப் பெருமையடிக்கத்தான் உதவும் என்று எழுதியிருந்தார். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. பல் டாக்டருக்குப் போன் செய்தால், "டொக்குச் சத்தமா? இத்தனை வருஷம் ஓட்டினேன், அப்படி ஒண்ணும் எனக்குக் கேக்கலையே" என்றார். டாக்டருக்குக் கண்ணோடு காதும் போய்விட்டதா, இல்லை தனக்குத்தான் இல்லாத சத்தம் கேட்கிறதா என்று இவருக்குப் புதுச் சந்தேகம் வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒரு அம்மாளுக்குக் கண் பரிசோதிக்கும்போது, "இது மெத்துன்னு இருக்கா, கெட்டியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

கடைசியில் நீலத்தை வாங்கினார். முடிவெடுத்து வாங்கினார் என்று நினைக்க வேண்டாம். கறுப்பா வெள்ளியா என்று முடிவெடுக்க முடியாததால் வாங்கினார். கையில் பெட்டியோடு வெளியே வந்தபோதுதான் கணக்கு புரிந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பயந்து, பதினாறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மச்சான் சொன்னபடி அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டான். அடுத்த மூன்று வாரம் கண்ணாடிக்காரர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு திரிந்தார். காலையில் கடைக்குப் போகும்போது ஒரு க்ளிக், மதியம் ஒரு க்ளிக். 'நான்கு: டொக் இருக்கிறது, ஆனால் மரியாதையாக இருக்கிறது.' 'ஏழு: டொக் இல்லை. இருக்கலாம்.' 'எட்டு: ஏழு போலத்தான்.' 'ஒன்பது: மிக நன்று.' 'ஒன்பது (மறுபடி): நேற்று ஏன் அப்படி எழுதினேன்?' 'பதினான்கு: பல் கிடுகிடுக்கிறது. டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.'

மண்டை குழம்பியது. தானே திருகுவதால்தான் மனம் ஏமாற்றுகிறது என்று நினைத்து மச்சானிடம் போனார்.

"நீ வெச்சுக் கொடு. எத்தனைன்னு எங்கிட்ட சொல்லாதே. நான் ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

மச்சான் பானட்டுக்குள் குனிந்து நிமிர்ந்தான். இவர் பட்டறையைச் சுற்றி இருந்த நான்கு தெருவையும் சுற்றிவிட்டு வந்தார். "மெத்துன்னு இருக்கு. மூணு, நாலு?"

மச்சான் மறுபடி குனிந்து நிமிர்ந்தான். மறுபடி நான்கு தெரு. "இப்போ நல்லா தெரியுது. கெட்டி. பதினொண்ணு இருக்கும். சரியா?"

"மாமா," என்றான் மச்சான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ரெண்டு தடவையும் நான் தொடவே இல்ல."

கண்ணாடிக்காரர் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக எத்தனை பேரிடம் முன்னாடி போட்டதா பின்னாடி போட்டதா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்னதை நம்பி எத்தனை கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார்.

இருந்தாலும் ஒன்பதில் வைத்தார். 'மிக நன்று' என்று ஒரு நாளாவது எழுதியிருக்கிறதே என்ற தைரியம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியிடம் போய் நின்றார்.

"ஒரு தடவை வா. ஒரே ஒரு தடவை. எல்லாம் சரி பண்ணியாச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் தெருவில் டொக் இல்லை. இரண்டாவது தெருவில் இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. அவர் ஒவ்வொரு கியருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார், ஓரக்கண்ணால் அவள் கழுத்தைப் பார்த்தார். கார் தலையை ஆட்டத்தான் செய்தது. நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் மேட்டில் ஒரு சந்திப்பு. சிக்னல் பச்சையானது. இவர் கிளட்சை விட்டார், பாதியில் சந்தேகம் வந்து பிடித்தார், மறுபடி விட்டார். கார் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுபோனது. பின்னாலிருந்து ஹாரன். மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி நின்றது. கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. ஹாரன்கள் இப்போது கூட்டாகச் சேர்ந்து அலறின. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஹேண்ட்பிரேக்கைப் போடுங்க" என்றாள் மனைவி. கதவைத் திறந்து இறங்கினாள். சுற்றி வந்தாள். பின்னால் இருந்தவர்களைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். பதினோரு வருடம் சாலையை விலக்கிப் பழகிய கை, ஹாரன்கள் நின்றுவிட்டன. இவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"உன் கழுத்து?"

"கழுத்து என்னோட வரட்டும். இறங்குங்க."

அவர் இறங்கி ஓடிப்போய் அந்தப் பக்கம் ஏறினார். அவள் இருக்கையை ஒரு இழுப்பு முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். கார் நகர்ந்தது. நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கியர் எப்போது விழுந்தது, மூன்றாவது எப்போது விழுந்தது? நீர்த்தொட்டி பின்னால் போனது, மேடு முடிந்தது, சாலை இறங்கி அகன்றது. டொக் என்று ஒரு சத்தம் வருமென்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினின் உறுமலைத் தவிர ஒன்றும் இல்லை.

"எப்படி?" என்றார்.

"என்ன எப்படி?"

"தலையை ஆட்டலையே."

"கார் ஆட்டலைங்க. உங்க கால்தான் ஆட்டுது. விடலாமா வேணாமா, விடலாமா வேணாமான்னு பாதி வழியில நிக்குது. இன்ஜின் பாவம், அது எந்தப் பேச்சைக் கேக்கும்?"

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வந்த நாள்லேருந்து இன்ஜின், ரப்பர், எண்ணெய்னு பேசிட்டே இருந்தீங்க. இருபத்தாறு வருஷத்துல நீங்க எதைப் பத்தியும் இவ்ளோ பேசினதில்ல. நடுவுல புகுந்து 'உங்க கால்'னு எப்படிச் சொல்றது?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கழுத்து நேராக இருந்தது. சீராக ஓடினால் அது வலிக்காதாம். திடீர்த் திடீரென்று குலுங்கினால்தான் வலிக்குமாம். இடது கை கியரின் மேல் லேசாகக் கிடந்தது. அவள் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அதை நான்கு வருடமாகப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட, "நீ ஓட்டறியா?" என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கழுத்து வலி என்றாள், கட்டுப்பாட்டு அறை என்றாள், சரி என்றார், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தக் காரை எதற்கு வாங்கினோம்? தனக்கா, இவளுக்கா? அந்த மதியம் வாயிலிருந்து விழுந்த 'சரி' யாருக்காக விழுந்தது? ஒன்றும் விளங்கவில்லை. மனதுக்கு நன்றாக மட்டும் இருந்தது.

விஷயத்தைக் கேட்டு மச்சான் பட்டறையே அதிரச் சிரித்தான். "அப்போ எதுக்கு மாமா அந்த டேம்பர்? கழட்டிடறேன், வேற யாருக்காவது கொடுத்துடலாம்" என்று கையோடு கழற்றியும் விட்டான். கூட வந்திருந்த மனைவி வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவள் இறங்குவதற்கு முன்பே, "டேய், அதை மறுபடி மாட்டுடா" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஏன்னு கேட்டா? ஏதோ ஒண்ணு லூசா இருக்கு. மாட்டு."

"அப்போ டேம்பர் வேலை செய்யுது?" என்றார் கண்ணாடிக்காரர். அவர் குரலில் பிடிமானம் கிடைத்தவனின் அவசரம் இருந்தது. "அப்போ என் கால் மட்டும் இல்ல?"

"உங்க காலும்தான், இதுவும்தான்."

"எவ்வளவு கால், எவ்வளவு டேம்பர்?"

மனைவி அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மாட்டி முடித்ததும் தானே பானட்டுக்குள் குனிந்து அந்தத் திருகை க்ளிக் க்ளிக்கென்று திருகி, பானட்டைச் சாத்தினாள்.

"எத்தனையில வெச்சே?"

"எண்ணல."

அவள் எண்ணியிருப்பாள் என்றே அவருக்கு ஒரு சந்தேகம். ஆனால் அவளாகச் சொல்லவில்லை, இவரும் திறந்து எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது வேலை நாட்களில் அவள்தான் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். போகிற வழியில் அவரைக் கடையில் இறக்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீர்த்தொட்டி மேட்டில் அவருக்கு அரை மணி நேரம் பயிற்சி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, "விட்டா விடுங்க, பிடிச்சா பிடிங்க" என்பாள். போன வாரம் ஆறு தடவையில் நான்கு தடவை கார் குலுங்காமல் மேடேறியது. அது எதனால் என்று அவர் அவளைக் கேட்டார். "ஏறிடுச்சில்ல, விடுங்க" என்றாள்.

சென்ற மாதம் காய்கறிச் சந்தையின் வண்டி நிறுத்தத்தில் பானட்டைத் திறந்து, கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போயிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் போன்.

"சார், அது இன்ஜின் டேம்பர்தானே? எங்கிட்டயும் இதே கார்தான் சார். மூணு பார்த்து வெச்சிருக்கேன். எதை வாங்கறதுன்னு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க."

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. கறுப்பைப் பற்றிச் சொன்னார், வெள்ளியைப் பற்றிச் சொன்னார், பதினாறு க்ளிக்கையும் சொன்னார். மச்சான் தொடாததைச் சொன்னார். கழற்றியதையும் மாட்டியதையும் சொன்னார். அந்த ஆள் முதலில் போனில் குறித்துக்கொண்டார், பிறகு அழித்தார், பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ வாங்கலாம்கறீங்களா, வேணாம்கறீங்களா?"

கண்ணாடிக்காரர் நன்றாக யோசித்தார். "உங்க வீட்ல யார் ஓட்டறாங்க?" என்று கேட்டார்.

அந்த ஆள் விழித்தார். அதற்குள் மனைவி இரண்டு பைகளோடு வந்து, அவற்றை இருக்கைக்குப் பின்னால் திணித்துவிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். இவர் பானட்டைச் சாத்திவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

"யாருங்க அது?"

"தெரியல. டேம்பர் வாங்கலாமான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் சொன்னேன்" என்றார் அவர். திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் நின்ற இடத்திலேயே நின்று பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஆனா என்ன சொன்னேன்னுதான் தெரியல."